ஜூலையில் ஒரு மழைக்காலம்

அன்புள்ள மேடம்,

திருச்செந்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 32 பிள்ளைகள், உதவிக்கு ஓர் ஆயாம்மா. மாதத்துக்கு ஒரு 'தீம்' என்று மேனேஜ்மென்ட் அட்டவணை கொடுத்துவிடும். ஜூலைக்கு மழைக்காலம். பிள்ளைகள் நீலச் சட்டை போட்டு, அட்டையில் செய்த குடையோடு வந்தார்கள். குடையெல்லாம் அம்மாக்கள் ராத்திரி உட்கார்ந்து ஒட்டியது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். டிசம்பருக்குப் பஞ்சில் பனிமனிதனாம். இதைத்தான் செயல்வழிக் கற்றல் என்கிறோம். பருவகாலத்தைப் பிள்ளைகள் உண்மையிலேயே கையால் தொட்டுப் படிக்கிற மாதிரி நடத்த முடியுமா? பெற்றோர்களோ, "எப்போ மிஸ் எழுத வைப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். (பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் ஊரில் ஜூலையில் மழை ஏது? தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவைத்துவிடுகிறது. மலையைத் தாண்டி உங்களிடம் வந்து சேர்வது வறண்ட காற்றுதான். மழை என்றால் அக்டோபருக்கு மேல், வடகிழக்குப் பருவத்தில். அட்டவணை போட்டவர் எந்த ஊர் மழையை நினைத்துப் போட்டாரோ தெரியாது. வெயிலில் நீலச் சட்டையோடு நின்ற பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

ஜூலையில் உங்களிடம் இருப்பது ஆடிக்காற்று. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி கேட்டில் ஒரு பழைய துணிக்கீற்றைக் கட்டுங்கள். காலையில் வந்ததும் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். திசைப் பெயர் வேண்டாம். "கடல் பக்கம்", "ரோட்டுப் பக்கம்" போதும். பனை ஓலையில் காற்றாடி செய்து முள்ளில் குத்திக் கொடுங்கள் (முள் குத்துகிற வேலை ஆயாம்மாவுடையது). ஓடினால் சுற்றுகிறது, சும்மா நின்றாலும் சுற்றுகிற இடம் எது என்று அவர்களே மைதானத்தில் தேடிக் கண்டுபிடிப்பார்கள். துணியை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். கார்த்திகையில் அதே துணி ஊரைப் பார்த்துத் திரும்பிப் பறக்கும். காற்று மாறினால் மழை வருகிறது என்பதை நாலு வயதில் பார்த்தே தெரிந்துகொள்ள அந்தக் கிழிந்த துணி போதும்.

என்னைக் கேட்டால், தீம் ஒரு நாளில் முடிகிற விஷயமாக இருக்கவே கூடாது. சிவப்பு நாள், மஞ்சள் நாள் எல்லாம் துணிக்கடைக்கு நல்லது. சின்னப் பிள்ளைக்கு ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும், அது மாறுவதைப் பார்க்கவேண்டும். உங்கள் ஊரில் அதற்குப் பனையைவிட என்ன வேண்டும்?

ஆவணியில் பனம்பழம் விழும். ஒரு பழத்தில் ஒரு கொட்டையும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். பிரிப்பதற்கு முன்னால் எத்தனை என்று பிள்ளைகள் ஊகிக்கட்டும். பிறகு நாரைப் பிசைந்து பிரிக்கட்டும். கை, சட்டை எல்லாம் மஞ்சளாகும், பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொரு வசதியும் உண்டு. புளியங்கொட்டை, குண்டுமணி என்றால் எதை எப்போது மூக்கில் போடுவார்களோ என்று நாள் முழுக்கப் பதறவேண்டும். பனங்கொட்டை எந்த மூக்கிலும் போகாது.

புரட்டாசியில் மணலைக் குவித்துப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே மண் தூவி மூடுங்கள். இனிமேல்தான் கஷ்டம். கொட்டையிலிருந்து முளை கீழே இறங்கும். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் மூன்றாம் நாளே தோண்டப் பார்ப்பார்கள். தோண்டட்டும். அதற்கென்றே ஓரத்தில் பத்து, பதினைந்து கொட்டைகளைத் தனியாகப் போட்டுவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று எடுத்து, முளை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று ஒரு நூலால் அளந்து, நூலை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். கொட்டையை வெட்டி உள்ளே இருக்கிற வெள்ளைத் தவுணை ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். தை பிறக்கும்போது பாத்தியைத் தோண்டினால் பொங்கலுக்குக் கிழங்கு. சில கொட்டை முளைத்திருக்காது. அதனால் ஆளுக்கு ஒன்று என்று பெயர் எழுதிப் போடாதீர்கள். 50 கொட்டை போட்டு, வந்ததைப் பங்குவையுங்கள்.

நடுவில் மழை வரும். மைதானத்தில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள், மதியம் இன்னொரு கோடு. வேறொன்றும் சொல்லித்தர வேண்டாம், அவர்களே கேட்பார்கள். மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். உங்கள் மாவட்டத்தில் உப்பளம் பார்க்காத பிள்ளை குறைவு.

பெற்றோர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்துப் பள்ளிப் பிள்ளை ஏ முதல் இசட் வரை எழுதுகிறது என்றால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் நாலு வயதில் மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுசாக உருவாகியிருக்காது. வேகவைத்த கிழங்கை இரண்டாகப் பிளந்து, நடு நரம்பை எடுத்து, நாரை உரிக்கிற வேலைக்கு எந்த விரல்கள் வேண்டுமோ, பென்சில் பிடிக்கவும் அவையேதான். பெற்றோர் கூட்டத்தில் சொற்பொழிவு வேண்டாம். ஆளுக்கொரு கிழங்கைக் கொடுத்து, பிள்ளையோடு உட்கார்ந்து உரிக்கச் சொல்லுங்கள். எத்தனை அப்பாக்களுக்கு நார் வருகிறது என்று பார்க்கலாம்.

மேனேஜ்மென்ட்டிடம் பேச ஆதாரம் வேண்டுமென்றால், அடிப்படை நிலைக்காக 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம் இருக்கிறது. 3 முதல் 8 வயது வரையான படிப்புக்கு விளையாட்டைத்தான் அது மையமாக வைக்கிறது. கொஞ்சம் பழசு வேண்டுமென்றால், ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் 1837இல் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல், பிள்ளைக்குப் பிள்ளை தோட்டத்தில் ஒரு சின்னப் பாத்தி கொடுத்தார். 1939இல் அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி, போர்க்காலத்தில் கொடைக்கானலில் இருந்தபோது சுற்றியிருந்த செடிகொடிகளை வைத்தே பிள்ளைகளோடு வேலை செய்தார். ஆனால் இதெல்லாம் எடுபடுமா என்பது எனக்குச் சந்தேகம். போட்டோ எடுபடும். 32 பிள்ளைகள் கையில் மண்ணோடு கிழங்கைப் பிடித்து நிற்கிற போட்டோவுக்கு அட்மிஷன் நோட்டீஸில் இடம் கொடுக்காத மேனேஜ்மென்ட் இருக்குமா என்ன?

பனிமனிதனை எதிர்த்துச் சண்டை போடவேண்டாம். ஒரு நாள் செய்துவிட்டுப் போங்கள், பஞ்சு பிய்ப்பதும் விரலுக்கு நல்லதுதான்.

ஆவணி முடியப்போகிறது. பனைத்தொழிலாளி வீட்டுப் பிள்ளை வகுப்பில் யாராவது இருக்கும். அந்தத் தாத்தாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள், பாத்தி கட்டவும் அவரையே கூப்பிடுங்கள். பள்ளி வளாகம் முழுக்க சிமென்ட் என்றால் நாலு பக்கமும் செங்கல் அடுக்கி மணலைக் கொட்டிக்கொள்ளலாம். இரண்டடி உயரமாவது வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு இறங்க வழியில்லாமல் வளைந்துவிடும்.