குதிரை வீரனிடம் இரண்டே அடியில் சாகிறேன், என்ன செய்வது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். அத்தை மகனின் பழைய பிஎஸ்4-இல் எல்டன் ரிங் விளையாடுகிறேன். தொடக்கத்தில் வேகபாண்ட் என்ற வீரனை எடுத்தேன். நிலவறையை விட்டு வெளியே வந்ததுமே தங்கக் கவசம் போட்ட குதிரைக்காரன் இரண்டே அடியில் கொன்றுவிடுகிறான். உருண்டாலும் அடி விழுகிறது. என் கை மெதுவா, இல்லை ஆளைத் தேர்ந்தெடுத்ததே தப்பா?

பதில்: தம்பி, இரண்டும் இல்லை. வேகபாண்ட் புதியவர்களுக்கு நல்ல தேர்வு. நீங்கள் போகும் நேரம்தான் சரியில்லை. அவன் பெயர் ட்ரீ சென்டினல். முதல் அருள் விளக்குக்கும் (உட்கார்ந்து உயிரேற்றும் இடம்) எல்லே தேவாலயத்துக்கும் நடுவே ரோந்து சுற்றுகிறான். அவனைக் கொல்லாமலே கதை நகரும். மரத்தோரமாக ஒதுங்கித் தேவாலயத்துக்குப் போய்விடுங்கள். அவனைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் வடக்கே கேட்ஃப்ரண்ட் இடிபாடுகளின் அருள் விளக்கில் உட்காருங்கள். மெலினா என்ற பெண் வந்து டொரண்ட் என்ற குதிரையைத் தருவாள். சண்டையில் பாதி இந்தக் குதிரைதான். அடுத்து ஆயுதம். நீங்கள் இருக்கும் லிம்கிரேவ் பகுதியின் சுரங்கத்தில், ஆயுதத்தின் தரத்தை ஏற்றும் முதல் தரப் பட்டைக்கல் கிடைக்கும். +1-க்கு 2, +2-க்கு 4, +3-க்கு 6, ஆக மொத்தம் 12 கல். எல்லே தேவாலயத்தில் இருக்கும் பட்டறை மேசையில் +3 வரை ஏற்றலாம். மூன்றாவது மரிகா தேவாலயத்தில் ஒரு புனிதக் கண்ணீர் இருக்கிறது, அது குப்பி மருந்தின் வீரியத்தைக் கூட்டும். வேகபாண்டுக்கு விகர் (உயிர் அளவைக் கூட்டும் பண்பு) 15-இல் தொடங்கும். அதை 20 ஆக்கிவிட்டு வாருங்கள். இப்போது இரண்டு அடியில் சாகிறவர் அப்போது கூடுதலாக ஓர் அடி தாங்கலாம். அந்த ஓர் அடிதான் மருந்து குடிக்க நேரம் தரும்.

உருண்டும் அடி விழுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது எடை. சுமை, தாங்கும் அளவில் 70 விழுக்காட்டைத் தாண்டினால் ஆள் தொப்பென்று விழுந்து எழுவான். கருவிப் பக்கத்தில் பார்த்து, பயன்படுத்தாத ஆயுதத்தைக் கழற்றுங்கள். இரண்டாவது தொலைக்காட்சி. படத்தை அழகாக்கும் வேலைகளைத் தொலைக்காட்சி செய்யும்போது பொத்தான் அழுத்தியது திரைக்கு வரத் தாமதமாகும். அமைப்பில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். பலர் தங்கள் கையைக் குறை சொல்வதற்கு இதுதான் காரணம். மூன்றாவது, உருளும் திசை. அவன் கையில் இருப்பது ஹால்பர்ட், நீளமான கோடரி ஈட்டி. பின்னால் உருண்டால் அதன் கூர் நுனி எட்டும் தூரத்துக்குள்ளேயேதான் இருப்பீர்கள். முன்னால், குதிரையின் வயிற்றை ஒட்டி உருளுங்கள். அவன் கை ஓங்கியதும் பதறி உருளாதீர்கள், ஆயுதம் இறங்கத் தொடங்கும்போது உருளுங்கள்.

இனி குதிரைமேல். ஆயுதம் அவன் வலக்கையில், கேடயம் இடக்கையில். நீங்கள் எதிரெதிராக வரும்போது அவனை உங்கள் இடப்பக்கம் விட்டுக் கடந்தால், கேடயப் பக்கம் வந்துவிடுவீர்கள். ஆர்1 அழுத்தினால் வலப்பக்கம் வெட்டும், எல்1 இடப்பக்கம். கடக்கும்போது ஒரு வெட்டு, அதற்குமேல் ஆசைப்படாமல் வட்டப் பொத்தானை அழுத்தி விலகிவிடுங்கள். இரண்டாவது வெட்டுக்கு நின்றவர்களைத்தான் அவன் கீழே தள்ளுகிறான். பாய்ந்து வந்து தவறவிட்டால், செம்பனைக் குலை ஏற்றிய லாரி மண் சாலையில் திரும்புவதுபோல அகலமாகத்தான் திரும்புவான். அந்த இடைவெளிதான் உங்களுக்கு. குதிரையோடு மேலே எழும்பிக் குத்த வந்தால் பக்கவாட்டில் ஓடுங்கள். தரையில் இறங்கியதும் சற்று நிற்பான், அப்போது ஒன்று போடுங்கள். ஸ்டாமினாவை (தெம்பு அளவை) முழுதாகக் காலி செய்யாதீர்கள். வேகமாக ஓடவும் அதுவேதான் தேவை.

குதிரைமேல் இருந்தபடியே மருந்து குடிக்கலாம், ஆனால் அவனிடமிருந்து தூரம் எடுத்த பிறகு. டொரண்ட் செத்தால் நீங்கள் தரையில் விழுந்து எழ நேரமாகும். மறுபடி அழைக்கும்போது உங்கள் உயிரேற்றும் சிவப்புக் குப்பி மருந்தில் ஒன்று செலவாகும், அதுவும் 'சம்மதமா' என்று கேட்டுவிட்டுத்தான். அந்தக் கேள்வி திரையில் நிற்கும்போதும் சண்டை நிற்காது. ஆகவே முதலில் எழுந்து, ஓடி, பிறகே அழையுங்கள். டொரண்டின் உயிரை ரோவா உலர்பழம் கொடுத்து ஏற்றலாம்.

அவன் கேடயம் பொன்னாக மின்னினால் மந்திரம் எதுவும் எறியாதீர்கள், உங்களுக்கே திரும்பி வரும். அவனிடம் புனிதத் தாக்குதல் எடுபடாது. ரத்தக்கசிவு நன்றாக எடுபடும், அதனால் ஸ்டார்ம்ஹில்லில் இருக்கும் டெத்டச்ட் நிலவறையில் ரத்தம் கசியவைக்கும் உச்சிகட்டானா வாளை எடுத்துவர நினைத்தால் அது வீண் வேலை ஆகாது. ஆனால் இவனுடைய குதிரையைத் தனியாகக் கொல்ல முடியாது. இரவில் வரும் நைட்ஸ் கேவல்ரி என்ற வேறொரு குதிரை வீரனின் குதிரையைத்தான் அப்படி வீழ்த்தலாம். இரண்டையும் குழப்பிக் குதிரைக் காலைக் குறிவைப்பவர்கள் நிறைய பேர்.

நடுவில் அம்மா கூப்பிட்டால் நிறுத்திவைக்க இந்த கேமில் பொத்தான் இல்லை என்பார்கள். ஆனால் ஒரு வழி உண்டு: கருவிப் பக்கத்தைத் திறந்து, உதவிப் பொத்தானை அழுத்தி, மெனு விளக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், அது திறந்திருக்கும்வரை விளையாட்டு நிற்கும். சாயங்காலம் இடி இடிக்கத் தொடங்கினால் மெனு வழியாக வெளியேறி, மின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். சேமிப்பு எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் சேமிப்பே கெடலாம். பிஎஸ்4-இல் யூஎஸ்பி-க்கு ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

ட்ரீ சென்டினலைக் கொன்றதும் 3,200 ரூன் (நிலை ஏற்றவும் பொருள் வாங்கவும் பயன்படுவது) கிடைக்கும், அவனுடைய கோல்டன் ஹால்பர்டும் கிடைக்கும். அதை ஒரு கையில் பிடிக்க வலிமை 30, லாவகம் 14, நம்பிக்கை 12 வேண்டும். இரண்டு கையால் பிடித்தால் வலிமை ஒன்றரை மடங்காகக் கணக்காகும், எனவே 20 போதும். உங்கள் வேகபாண்ட் வலிமை 14, லாவகம் 13, நம்பிக்கை 9-இல் தொடங்குகிறார். இவற்றை முறையே 6, 1, 3 என்று 10 நிலை ஏற்றினால் கையில் எடுக்கலாம். அதன் திறனான கோல்டன் வௌ தாக்குதலையும் தற்காப்பையும் ஒருசேர உயர்த்தும். அதைத் தீட்ட சாதாரணப் பட்டைக்கல் உதவாது, சோம்பர் வகைக் கல்தான் வேண்டும். கையில் மீந்திருக்கும் கற்களை வேறு ஆயுதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.