யானை ஏன் ‘ஆ’ வீட்டுக்குப் போகிறது?

பெங்களூரில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் எழுத்து சொல்லித் தருபவர்களின் கேள்விகள் இந்த இதழில்.

என் மகனுக்கு நாலு வயது. விலங்குப் படம் போட்ட எழுத்து அட்டைகளை வைத்து விளையாட்டாகச் சொல்லித் தருகிறேன். யானையை ‘ஆ’வில் வைக்கிறான், எலியை ‘இ’யில் வைக்கிறான், இலையை ‘எ’வில் வைக்கிறான். எத்தனை தடவை திருத்தினாலும் இதே கதைதான். காதில் ஏதாவது கோளாறா?
– அல்சூர் வாசகி

காது நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு அட்டையில். வீட்டில் யார் ‘யானை’ என்று பேசுகிறோம்? ‘ஆனை’தான். கன்னடத்திலும் ‘ஆனெ’. எலிக்குக் கன்னடத்தில் ‘இலி’. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அவன் கேட்பது அதைத்தான். இலையை நாம் ‘எல’ என்கிறோம். பையன் காதில் விழுந்த முதல் ஒலியைத் தேடி அட்டையை வைக்கிறான். எழுத்து கற்க அதுதான் வேண்டும். திருத்தத் திருத்த, தன் காதையே நம்பாமல் உங்கள் முகத்தைப் பார்த்து வைக்க ஆரம்பித்துவிடுவான்.

இ, உ இரண்டும் சொல்லின் முதலில் வந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால், பேச்சில் எ, ஒ என்று இறங்கிவிடும். இடம் ‘எடம்’ ஆகிறது, உரல் ‘ஒரல்’ ஆகிறது. இறால்கூட மீன்கடையில் ‘எறா’தான். அதனால் பேச்சிலும் எழுத்திலும் ஒரே மாதிரி தொடங்கும் பெயர்களாகப் பொறுக்குங்கள். அ-வுக்கு அணில், ஆ-வுக்கு ஆடு அல்லது ஆமை, இ-க்கு இருவாச்சி, ஈ-க்கு ஈயே, உ-வுக்கு உடும்பு, எ-வுக்கு எறும்பு, ஒ-வுக்கு ஒட்டகம், ஓ-வுக்கு ஓணான். எலியை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். ஐ, ஔ இரண்டுக்கும் விலங்கைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ‘ஐந்து’ நம் வாயில் ‘அஞ்சு’ ஆகிவிடுகிறது. ஐஸ் எப்போதும் ஐஸ்தான், அதையே போடுங்கள்.

முதல் வாரம் எழுத்தே வேண்டாம். தரையில் சாக்பீஸால் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் அணில் படம், ஒன்றில் ஆமை படம் வையுங்கள். நீங்கள் ‘அம்மா’, ‘ஆடு’, ‘அப்பளம்’, ‘ஆறு’ என்று முதல் ஒலியை அழுத்திச் சொல்ல, அவன் அணில் கட்டத்துக்கு ஒரே தாவலில் போக வேண்டும், ஆமை கட்டத்துக்கு ஊர்ந்து போக வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று பழைய இலக்கணம் சொல்வதை அவன் உடம்பால் கற்றுக்கொள்வான். பத்து நிமிடம் போதும். அவன் ‘இன்னும்’ என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் வாரம் அ, ஈ என்று சற்றும் ஒத்துப்போகாத இரண்டு வடிவங்களைக் காட்டுங்கள். அ, ஆ இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் குழம்புவான். அ நன்றாகப் பதிந்த பிறகு, ‘அ-வுக்கு வால் முளைத்தால் ஆ’ என்று அவன் கண்முன்னே கீழ்ச்சுழியைப் போட்டுக் காட்டுங்கள்.

கடை அட்டைகளில் எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் இருப்பதால் பிள்ளை படத்தை மட்டும்தான் பார்க்கும். பத்து சென்டிமீட்டர் சதுரமாக அட்டை வெட்டி, முன்பக்கம் எழுத்தை எழுதுங்கள், படத்தைப் பின்பக்கம் ஒட்டுங்கள். எல்லா எழுத்தும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘சிவப்பு என்றால் அணில்’ என்று நிறத்தைப் படித்துவிட்டுப் போவான்.

யு.கே.ஜி. படிக்கும் மகள் ‘புலி’யை ‘ஹுலி’ என்று வாசிக்கிறாள். பள்ளியில் கன்னடம். இரண்டு மொழியும் சேர்ந்து குழப்புகிறதோ?
– விவேக் நகர் வாசகர்

இது குழப்பமில்லை. பழைய கன்னடத்துப் பகரம் பல சொற்களில் ஹகரமாக மாறிவிட்டது. புலி ஹுலி ஆனது. பாம்பு ஹாவு, பன்றி ஹந்தி, பல்லி ஹல்லி, புழு ஹுளு. ஐந்தையும் படமாக வரைந்து, மகளைக் கண்ணாடிமுன் உட்கார வைத்து இரண்டு விதமாகவும் சொல்லச் சொல்லுங்கள். உதடு ஒட்டினால் அப்பா வீட்டுப் பேர், ஒட்டாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பேர். ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வாள்.

அடுத்து அவள் கேட்கப்போகும் கேள்வி இன்னும் கடினம். கன்னடத்தில் வல்லொலிக்கு ஓர் எழுத்து, மெல்லொலிக்கு ஓர் எழுத்து. தமிழில் ஏன் ஒரே க? இலக்கணம் பேசாமல் விலங்குகளை வரிசையாக நிறுத்துங்கள். சொல்லின் முதலில் வந்தால் அழுத்தம்: கரடி, தவளை, புலி. இரட்டித்தாலும் அழுத்தம்: கொக்கு, நத்தை. மூக்கொலிக்குப் பின்னால் வந்தால் மெத்தென்று: சிங்கம், நண்டு, பருந்து, பாம்பு. நடுவில் தனியாக வந்தாலும் தளர்ந்துவிடும். காகம் என்ற ஒரே சொல்லில் முதல் க ஒரு மாதிரி, இரண்டாவது ஒரு மாதிரி. அதைச் சொல்ல வைத்தாலே பாதி விளங்கிவிடும்.

மூன்றரை வயதுப் பேத்திக்கு ரவையில் விரலால் எழுதப் பழக்குகிறோம். கோடு சரியாகத் தெரியவில்லை. ட-வைத் திருப்பிப் போடுகிறாள்.
– ஸ்ரீராமபுரம் வாசகி

எவர்சில்வர் தட்டில் வெள்ளை ரவை என்றால் கோடு எப்படித் தெரியும்? முழு ராகிக்கு மாறுங்கள். கருஞ்சிவப்பு மணிகளுக்கு நடுவே தட்டு பளிச்சென்று தெரியும், ஈரக் கையில் அவ்வளவாக ஒட்டாது. 30க்கு 20 சென்டிமீட்டர் தட்டுக்கு 150 கிராம் போதும். கூடக் கொட்டினால் விரல் போன தடம் உடனே மூடிக்கொள்ளும். அரிசி மாவு ஒட்டும். கல் உப்பு, கையில் கீறல் இருந்தால் எரியும். தட்டுக்கு அடியில் பழைய பெட்ஷீட்டை விரித்துக்கொள்ளுங்கள். டைல்ஸில் சிதறிய ராகி, பெரியவர்களையே வழுக்கிவிடும். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது, பக்கத்திலேயே இருங்கள்.

எழுத்துக்கு முன் தடம்: பாம்பு நெளிவது, முயல் தாவுவது, நத்தை ஓட்டின் சுழி. பிறகு ட, ப. ‘குரங்கு இறங்குது, நடக்குது’ என்றால் ட. ‘இறங்குது, நடக்குது, ஏறுது’ என்றால் ப, விரலை எடுக்காமல். தட்டின் வலது ஓரத்தில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிடுங்கள். குரங்கு பழத்தை நோக்கித்தானே நடக்கும்? ட திரும்பாது.

ந, ண, ன மூன்றையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?
– ஃபிரேசர் டவுன் வாசகர்

நண்டைப் பிடியுங்கள். தலையில் ந, நடுவில் ண். தமிழ்ச் சொல் ந-வில் தொடங்கும் (நரி, நாய், நத்தை), ண-விலும் ன-விலும் தொடங்காது. ட-வுக்கு முன்னால் ண் (வண்டு), த-வுக்கு முன்னால் ந் (ஆந்தை), ற-வுக்கு முன்னால் ன் (கன்று, பன்றி). இவை ஆறு வயதுக்கு மேல். அதற்கு முன் ந மட்டும் போதும்.

உயிர்மெய் வரிசை முழுவதற்கும் விலங்கு கிடைக்குமா?
– ஜீவன் பீமா நகர் வாசகி

க வரிசைக்கு ஏறக்குறையக் கிடைக்கும். கழுதை, காகம், கிளி, கீரி, குதிரை, கூகை, கெண்டை, கேழல், கொக்கு, கோழி, கௌதாரி. கேழல் என்பது காட்டுப்பன்றிக்குப் பழைய பேர். கூகை பெரிய ஆந்தை. விட்டுப்போனது கை. அதற்கும் இலக்கியத்தில் ‘கைம்மா’ உண்டு, கையுள்ள விலங்கு, அதாவது யானை. மற்ற வரிசைகளில் ஓட்டை நிறைய. ம-வில் மயில், மான், மின்மினி, மீன், முயல், மூஞ்சூறு வரை வந்துவிட்டு, பிறகு மைனாவுக்குத் தாவ வேண்டியதுதான். ஓட்டையை அடைக்க, பிள்ளை கேட்டறியாத பெயர்களை இழுத்து வராதீர்கள்.

தாத்தா ‘னை’யைத் தும்பிக்கை போட்டு எழுதுகிறார், பிள்ளை அதையே எழுதுகிறது. தப்பா?
– அல்சூர் வாசகர்

தப்பில்லை, பழையது. ணை, லை, ளை, னை நான்குக்கும் மட்டும் அந்தத் தும்பிக்கை இருந்தது. 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகு மற்ற எழுத்துகளைப் போலவே எழுதத் தொடங்கினோம். யானை என்ற சொல்லிலேயே ஒரு தும்பிக்கை தொங்கிக்கொண்டிருந்தது என்பது பிள்ளைக்குக் கொண்டாட்டமான செய்திதான். தாத்தா தாளில் வரைந்து காட்டட்டும். எழுதிப் பழகுவது இன்றைய ‘னை’யாகவே இருக்கட்டும்.