வாசகர் கேள்வி – பதில்: எண்பதுகளின் பள்ளிக்கூடப் படங்கள்

கேள்வி: ஜான் ஹியூஸ் இயக்கிய அமெரிக்கப் பள்ளி நகைச்சுவைப் படங்களில் ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’, ‘ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்’ ஆகிய இரண்டில் எது உயர்ந்தது? என் தேர்வு இரண்டாவது படம். உங்கள் கருத்து என்ன?

பதில்: 1985-இல் வெளிவந்த ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’தான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சனிக்கிழமை முழுவதும் பள்ளி நூலகத்தில் தண்டனையாக அடைத்து வைக்கப்பட்டு, ‘நான் யார்’ என்று ஆயிரம் சொற்களில் கட்டுரை எழுதப் பணிக்கப்படும் ஐந்து மாணவர்களை வைத்தே ஹியூஸ் ஏறக்குறைய முழுப் படத்தையும் நடத்திச் செல்கிறார். மதிய உணவுக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். செல்வந்தர் வீட்டுப் பெண்ணான கிளேர் சூஷியைப் பிரிக்கிறாள். மல்யுத்த வீரன் ஆண்ட்ரூ ஒரு பை நிறையத் தின்பண்டங்களை எடுத்து அடுக்குகிறான். ஆலிசன் ரொட்டிக்குள் இருந்த இறைச்சியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தூளைக் கொட்டுகிறாள். அடாவடி மாணவன் பெண்டரிடமோ உணவே இல்லை. அவரவர் குடும்ப நிலையை ஒருவரும் விளக்கிச் சொல்லாமலே அந்தக் காட்சியில் நமக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. பின்னர், மனம்விட்டுப் பேசி நெருங்கிய அந்த நேரத்தில், திங்கட்கிழமையும் நாம் நண்பர்களாக இருப்போமா என்று ஐவரில் படிப்பாளியான பிரையன் கேட்கும்போது, இருக்க மாட்டோம் என்றே தனக்குத் தோன்றுவதாக கிளேர் சொல்லிவிடுகிறாள். பதின்பருவத்தைப் பற்றி இத்தனை நேர்மையான பதிலை அக்காலப் படங்களில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

1986-இல் வந்த ‘ஃபெரிஸ் பியூலர்’ இதைவிட விறுவிறுப்பானது, சிரிப்பும் அதிகம். ஆனால் ஃபெரிஸ் எதிலும் தோற்பதில்லை என்பதால், அவனுக்காக நம் நெஞ்சு பதறுவதே இல்லை. அந்தப் படத்தின் உயிர் அவனுடைய நண்பன் கேமரன்தான். சிகாகோ கலைக்கூடத்தில் புள்ளி புள்ளியாக வரைந்த பிரெஞ்சு ஓவியர் செராவின் ஓவியத்தில் உள்ள குழந்தையின் முகத்தை அவன் உற்று நோக்க, கேமரா அவன் முகத்தையும் அம்முகத்தையும் மாறி மாறி நெருங்கி, இறுதியில் குழந்தையின் முகம் வெறும் வண்ணப் புள்ளிகளாகக் கரைந்துவிடும் அந்தச் சில நொடிகளுக்காகவே உங்கள் தேர்வை நான் மதிக்கிறேன்.

கேள்வி: அந்தப் பத்தாண்டில் பெண் இயக்குநர் எவரேனும் இவ்வகைப் படம் எடுத்திருக்கிறாரா?

பதில்: ஹியூஸுக்கு முன்பே, 1982-இல், ஏமி ஹெக்கர்லிங் ‘ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை’ படத்தை எடுத்துவிட்டார். வகுப்பறைக்கே பீட்சா வரவழைக்கும் மாணவனாக நடித்த ஷான் பென்னைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பள்ளி மாணவி ஸ்டேசியின் கதை. கருக்கலைப்புக்காகத் தனியே செல்லும் அவள், பந்துருட்டும் விளையாட்டரங்குக்குப் போவதாக அண்ணனிடம் பொய் சொல்கிறாள். உண்மையைக் கண்டுகொண்ட அவன், அவள் வெளியே வரும் வரை காத்திருந்து, கடிந்துகொள்ளாமல் அழைத்துச் செல்கிறான்.

கேள்வி: இன்றைய பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டலாமா?

பதில்: ‘ஃபெரிஸ் பியூலர்’ படத்திலிருந்து தொடங்குங்கள், மற்ற இரண்டும் அமெரிக்காவிலேயே ‘ஆர்’ சான்றிதழ் (பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பெரியவர் துணையுடன்தான் பார்க்கலாம்) பெற்றவை. ஹியூஸின் 1984-ஆம் ஆண்டுப் படமான ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ படத்தை மட்டும் உடன் அமர்ந்து, பேசிப் பேசிப் பாருங்கள். ஆசிய மாணவன் வரும்போதெல்லாம் கோங் (சேகண்டி போன்ற பெரிய உலோகத் தட்டு) ஒலிக்க வைத்திருப்பதும், போதையில் கிடக்கும் பெண்ணைக் காதலனே இன்னொருவனுடன் அனுப்பி வைப்பதும் நகைச்சுவை ஆகா. அப்படத்தின் நாயகி மோலி ரிங்வால்டே, ஹியூஸுடன் தாம் நடித்த படங்களில் இப்போது தம்மை உறுத்துகிற இடங்களைப் பற்றி 2018-இல் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் விரிவாக எழுதியிருக்கிறார்.