வாசகர் கேள்விகள்: ஸ்மோக்கின் ஜோவும் அந்த இடது கையும்

கே: 'ஸ்மோக்கின் ஜோ' என்று அழைக்கப்பட்ட குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியரின் ரசிகன் நான். அவர் இறந்தபின் வந்த அஞ்சலிகளில் எதை எடுத்தாலும் மூன்றாவது வரியில் முகமது அலி வந்துவிடுகிறார். அலியைச் சேர்க்காமல் ஃப்ரேசியரை நினைக்கவே முடியாதா?

ப: தாராளமாக முடியும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தகுதிப் போட்டியில் இவரைத் தோற்கடித்த பஸ்டர் மேதிஸுக்குக் கையில் அடிபட்டதால் மாற்று ஆளாகப் போனவர் இவர். அரையிறுதியில் இடது கட்டைவிரல் உடைந்துபோனது. சொன்னால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்று வாயைத் திறக்காமல் இருந்து, அந்தக் கையோடு இறுதிச் சுற்றில் ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபரை ஜெயித்துத் தங்கம் வாங்கினார்.

அந்த இடது கைக்கே தனிக் கதை உண்டு. தென் கரோலினாவில் பியூஃபோர்ட் பக்கம் சிறுவனாக இருந்தபோது பன்றி துரத்தி விழுந்ததில் கை முறிந்தது. டாக்டரிடம் காட்ட வீட்டில் வசதியில்லை, அதுவாகவே கோணலாகச் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அதை முழுதாக நீட்டவே முடியாது. இடது கையை மடக்கியபடியே பக்கவாட்டில் வீசும் லெஃப்ட் ஹூக் குத்துக்கு நீட்ட வேண்டியதில்லையே! அப்புறம் அவர் அப்பா ரூபினுக்கு இடது கையே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், சினிமாவில் வைத்திருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்போம்.

கே: அலியோடு நடந்த 1971 சண்டையை நூற்றாண்டின் சண்டை என்கிறார்களே, அத்தனை பெரிதா?

ப: பெரிதுதான். மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். இரண்டு பேருமே அதுவரை தோற்காதவர்கள், ஆளுக்கு 25 லட்சம் டாலர். ரிங் ஓரத்தில் ஃபிராங்க் சினாட்ரா கேமராவோடு நின்று 'லைஃப்' பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி 15-ஆவது ரவுண்டில் ஃப்ரேசியர் குனிந்த நிலையிலிருந்து கீழே கிடந்த இடது கையைச் சுழற்றி எழுப்பிய அந்த ஹூக் அலியின் தாடையில் விழுந்தது. அலி மல்லாந்து விழ, ஷூவில் கட்டியிருந்த சிவப்புக் குஞ்சங்கள் மேலே பறந்தன. உடனே எழுந்துவிட்டார் என்பதுதான் அலியின் பெருமை. ஆனால் நடுவரும் ஜட்ஜுகளும் ஒருமனதாக ஃப்ரேசியருக்குத்தான் தந்தார்கள். ஜெயித்தவரும் அப்புறம் ஆஸ்பத்திரியில்தான் படுத்தார்.

கே: அலியை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை என்று படித்தேன். விளையாட்டில் இவ்வளவு வன்மம் தேவையா?

ப: வன்மம் எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டாமா? வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக அலியின் பட்டமும் லைசென்ஸும் பறிக்கப்பட்ட காலத்தில், அவருக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுத்து, திரும்ப ஆட விடுங்கள் என்று பேசியவர் ஃப்ரேசியர். அந்த மனிதரைத்தான் அலி வெள்ளைக்காரர்களின் கைக்கூலி என்றார், கொரில்லா என்றார், 1975-இல் இருவரும் மோதிய மணிலா சண்டைக்கு முன் ரப்பர் கொரில்லா பொம்மையை எடுத்துவைத்துக் குத்திக் காட்டினார். டிக்கெட் விற்கச் செய்த விளம்பரம் என்று அலி ரசிகர்கள் இன்றும் சமாளிப்பார்கள். நான் ஏற்கமாட்டேன். பள்ளிக்கூடத்தில் ஃப்ரேசியரின் பிள்ளைகள் கேலியை வாங்கிக்கொண்டார்கள், அது என்ன விளம்பரம்? அலி 2001-இல் பத்திரிகை மூலம் வருத்தம் தெரிவித்தார். என்னிடம் நேரில் சொல்லட்டும் என்பது ஃப்ரேசியரின் நிலை, அதில் நியாயம் இருக்கிறது. ஃப்ரேசியரும் பதிலுக்கு அலியின் நோயைப் பற்றி மோசமாகப் பேசியிருக்கிறார், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஃப்ரேசியர் இறந்தது 2011 நவம்பர் 7, கல்லீரல் புற்றுநோய், வயது 67. பிலடெல்ஃபியாவில் நடந்த இறுதிச் சடங்குக்கு அலி வந்திருந்தார். எல்லோரும் எழுந்து ஜோவுக்குக் கைதட்டுங்கள் என்று கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் சொன்னபோது, பார்கின்சன்ஸ் நோயில் தளர்ந்திருந்த அலியும் எழுந்து நின்று தட்டினார்.

கே: பிலடெல்ஃபியாவில் அவருக்குச் சிலை இருக்கிறதா?

ப: இருக்கிறது, 2015-இல் வைத்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அந்த ஊரில் பெரிய சிலை ராக்கிக்குத்தான், அதாவது சினிமாவில் வந்த கற்பனை ஆளுக்கு. தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பயிற்சி செய்வாரே ராக்கி, அது இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபோது ஃப்ரேசியர் நிஜமாகவே செய்தது.

கே: ஃப்ரேசியரின் சண்டை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

ப: 1971-இல் ஆரம்பியுங்கள், 15 ரவுண்டும் முழுசாக. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இவரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை வீழ்த்திய 1973 சண்டையைத் தயவுசெய்து முதலில் பார்க்காதீர்கள், தப்பான ஆளைப் பார்த்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் 1975 மணிலா. அதில் 13, 14-ஆவது ரவுண்டுகளைக் கவனியுங்கள். இடது கண் ஏற்கெனவே சரியாகத் தெரியாது, அதை வெளியே சொல்லாமலே பல வருடம் ஆடியிருக்கிறார். இப்போது வலது கண்ணும் வீங்கி மூடிக்கொண்டிருக்கும். வரும் குத்து தெரியாமலே முன்னால் போவார். 15-ஆவது ரவுண்டுக்கு மணி அடிக்கும் முன் பயிற்சியாளர் எடி ஃபட்ச் போதும் என்று நிறுத்திவிட்டார். ஃப்ரேசியர் நிறுத்த வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சினார். ஃபட்ச் செய்ததுதான் சரி என்பது என் கட்சி. பார்த்துவிட்டு உங்கள் கட்சியை எழுதுங்கள்.