வாழ்த்து அட்டைத் தொழிலில் ஒன்றரை லட்சம் முதலிடலாமா?

கேள்வி: அம்பத்தூரில் வசிக்கும் நான் ஓவியம் பயின்றவள். பொங்கல், பிறந்தநாள், திருமண நாளுக்கென 10 வாழ்த்து அட்டைகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் 1,000 பிரதிகள் சிவகாசியில் அச்சடிக்க எண்ணியுள்ளேன். உறையுடன் ஓர் அட்டைக்கு 15 ரூபாய் ஆகும் என்கிறார்கள். என் சேமிப்பான 1,50,000 ரூபாயை இதில் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அட்டையை 60 ரூபாய்க்கு விற்று, கடைக்காரர் 40 சதவீதம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கைக்கு 36 ரூபாய்தான் வரும். அந்தக் கணக்கில் ஏறத்தாழ 4,170 அட்டைகள் விற்ற பிறகே போட்ட முதல் திரும்பும். பொங்கலுக்கு அட்டை அனுப்பும் வழக்கம் கைபேசி வந்தபின் வெகுவாகத் தேய்ந்துவிட்டது. மேலும், தை முதல் நாள் கடந்தால் மீந்த பொங்கல் அட்டைகள் ஓராண்டு பரணில்தான் கிடக்கும். பிறந்தநாள் அட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே, தூரிகையை எடுப்பதற்கு முன் தியாகராய நகர், அண்ணா நகர், மயிலாப்பூர்ப் பகுதிகளிலுள்ள பரிசுப் பொருள் கடைகளுக்கும் எழுதுபொருள் கடைகளுக்கும் கூட்டமில்லாத வார நாள் முற்பகலில் சென்று வாருங்கள். உங்கள் ஓவியம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் நன்று என்பார்கள். சென்ற மாதம் எந்த அட்டை போயிற்று, யார் வாங்கினார், எந்த விலைக்கு மேல் கை தயங்குகிறது, விலையில் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு, பணம் உடனே கிடைக்குமா அல்லது விற்ற பிறகா, விற்காததைத் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். இவற்றுள் பணம் வரும் நாள்தான் முக்கியம், ஏனெனில் மூன்று மாதம் கழித்து வரும் தொகையை நம்பி அடுத்த அச்சுக்கு முன்பணம் கொடுக்க முடியாது.

பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்கும் போய்வாருங்கள். அங்கே ஆயத்தமாகக் கிடைக்கும் உறைகளின் அளவைக் குறித்துக்கொண்டு அட்டையை அதற்கேற்ப வரைவதே சிக்கனம். அட்டைக்கென்று தனி உறை செய்தால் செலவு ஏறும்.

பிறகு நான்கு வடிவங்களில் ஐம்பது ஐம்பது பிரதிகளை டிஜிட்டல் முறையில் அச்சிடுங்கள். ஒன்றுக்கு 30 ரூபாய் ஆனாலும் மொத்தம் 6,000 ரூபாய்தான். லாபம் சொற்பமே, ஆனால் எந்த வடிவம் மறுமுறை கேட்கப்படுகிறது என்பது தெரியும். அதை மட்டும் சிவகாசிக்கு அனுப்பலாம்.

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வெளி மாநிலங்களுக்கு விற்பதாக இருந்தால், முதலில் ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள்.