ஜனவரியில் வரும் பணம், ஜூனில் கட்டும் ஃபீஸ்

கேள்வி: ஏற்காட்டில் நான்கு ஏக்கர் காபி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறேன். விளைச்சல் சரியாக இருந்தால் செலவு போக வருடம் நாலரை லட்சம் நிற்கும். மனைவியின் 18,000 ரூபாய் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. மகளுக்கு பெங்களூருவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, பொருளாதாரம், அரசியல் மூன்றும் சேர்ந்த பி.ஏ.வில் இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருடம் 3 லட்சம். மூன்று வருடமாக 5 லட்சம் நகைக்கடன் ஓடுகிறது. அதில் 3 லட்சம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரருக்காக வாங்கியது. காபிப் பணம் வந்ததும் மாமா கேட்பார், தீபாவளிக்குள் கொஞ்சம் திருப்புவார். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. அதை, காப்பீட்டோடு சந்தை முதலீடும் சேர்ந்த யூலிப் கல்வித் திட்டத்தில் போடச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். 'பி.ஏ.வுக்குப் போய் 9 லட்சமா?' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் மகளின் படிப்பைப் பற்றிய கவலை. நகைக்கடனுக்கு நான்கே வரி. எனக்கு அந்த நான்கு வரிதான் கவலையாக இருக்கிறது.

நகைக்கடனுக்கு வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 11% என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சத்துக்கு வருடம் 55,000 ரூபாய். மூன்று வருடத்தில் 1,65,000 போயிருக்கிறது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மகளின் ஒரு வருடப் படிப்புச் செலவில் பாதிக்கு மேல் இப்படியே கரைந்துவிட்டது. வட்டியை மட்டும் கட்டி, அதே நகையை அதே கவுன்ட்டரில் மறுபடி வைத்துவிட்டு வருவதைக் கடனை அடைப்பதாக நினைக்காதீர்கள்.

உங்கள் மாமா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் அதே எடைக் கொலுசுக்கு முன்பைவிட அதிக முதல் வேண்டும், அது நிஜமான நெருக்கடி. ஆனால் அவருடைய தொழில் முதலுக்கு உங்கள் மனைவியின் நகை ஏன் அடகில் இருக்க வேண்டும்? பட்டறைக்காரர்களுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் வங்கிகள் கொடுக்கும் சிறுதொழில் கடனான முத்ரா இருக்கிறது. கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, தருண் பிரிவில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். 'மாமா, மகளுக்கு ஃபீஸ் கட்டணும், இந்த வருஷம் என்னால ஆகாது. பேங்குக்கு நானும் கூட வர்றேன்' என்று இப்போதே சொல்லுங்கள். ஜனவரி வரை தள்ளிப் போட்டால் உங்களால் சொல்ல முடியாது.

உங்கள் சிக்கலின் வேர் பணம் மொத்தமாக வருவதில் இருக்கிறது. உங்கள் அப்பா காலத்தில் தோட்டக்காரர்கள் காபியைக் காபி வாரியத்துக்கே கொடுக்க வேண்டும், பணம் தவணை தவணையாக வரும். 1989-இல், எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்த சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை உடைந்து உலக விலை சரிந்தது. 1990-களில் இங்கேயும் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முழுக்க நீங்கியது. இப்போது நீங்கள் விரும்பியவருக்கு விற்கலாம், பணமும் ஒரே மூச்சில் வருகிறது. வந்த வாரத்தில் உறவும் வருகிறது. இதைப் புரிந்துகொள்ளவே வரலாறு, அரசியல், பொருளாதாரம் மூன்றும் வேண்டியிருக்கிறது, பாருங்கள். உங்கள் மகள் படிக்கப் போவது உங்கள் தோட்டத்தின் கதையையும் சேர்த்துத்தான். அதை வீண் படிப்பு என்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, ஃபீஸுக்கு வருவோம். 9 லட்சத்தையும் கடனாக வாங்காதீர்கள். 6 லட்சம் போதும், வருடம் 2 லட்சமாக. 7.5 லட்சத்துக்குள் இருக்கும்வரை வங்கிகள் பொதுவாகத் தோட்டப் பத்திரம் கேட்பதில்லை. பல்கலைக்கழகம், மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், வருட வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள உங்களைப் போன்ற குடும்பங்கள் 3% வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

10% வட்டி என்று போட்டால் முதல் வருடம் 20,000, இரண்டாவது 40,000, மூன்றாவது 60,000. படிக்கும் காலத்தில் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் கட்டிவிடுங்கள். பல வங்கிகள் இதற்காக 1% குறைக்கும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். ஏழு வருடத்துக்கு மாதம் பத்தாயிரத்தை ஒட்டி வரும், ஒரு பட்டதாரியால் சமாளிக்க முடிகிற தொகைதான்.

இந்த ஜூனில் கையிருப்பிலிருந்து 1 லட்சம் போகட்டும், மீதி ஐம்பதாயிரத்தைத் தொடாதீர்கள். ஜனவரியில் நாலரை லட்சம் வந்ததும் அன்றைக்கே கல்விக்கடன் வட்டி 20,000 கட்டுங்கள். 1 லட்சத்தை ஜூனில் முதிரும்படி வைப்புநிதியில் போடுங்கள். மீதி மூன்றேகால் லட்சம் சொச்சம் முழுவதும் நகைக்கடனுக்கு. மாமா ஒரு ரூபாய் திருப்பாவிட்டால்கூட, விளைச்சல் ஏமாற்றாவிட்டால், அதற்கடுத்த ஜனவரியில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

யூலிப் வேண்டவே வேண்டாம். அதில் போட்ட பணத்தை ஐந்து வருடத்துக்கு எடுக்க முடியாது, உங்கள் மகளின் படிப்போ மூன்று வருடத்தில் முடிகிறது. இது தெரிந்தும் அதைக் 'கல்வித் திட்டம்' என்று உங்களிடம் நீட்டுகிறவரோடு எனக்குப் பேசப் பொறுமை இல்லை.

இன்னொன்று. கர்நாடகத்தில் இந்த மூன்று பாடச் சேர்க்கை நெடுநாள் பழக்கம், நம் பக்கம் பி.ஏ. என்றால் பெரும்பாலும் ஒரே முதன்மைப் பாடம். யு.பி.எஸ்.சி., குரூப் 1 தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் மகளுக்கு இங்கே பி.எட். முடித்து அரசுப் பள்ளி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால், மூன்று முதன்மைப் பாடப் பட்டத்தை எந்தப் பாடத்துக்குச் சமமாக ஏற்பார்கள் என்று ஃபீஸ் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.