நாள் தள்ளிப்போன கணக்கு

அன்புள்ள அக்கா,

குன்னூர் பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கிறோம். 2021-ல் கோவிட் ஊசி இரண்டாவது டோஸ் போட்ட மாதம் எனக்கு மாதவிலக்கு ஆறு நாள் தள்ளிப்போனது. வந்தபோது வழக்கத்தைவிட அதிகமாகவும் பட்டது. கேட்டதற்கு "எல்லாம் மனப்பிரமை" என்று நர்ஸ் சிரித்தார். இப்போது பதிமூன்று வயதுத் தங்கைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். "உனக்கு ஆனதே போதும்" என்கிறார் அம்மா. என்ன சொல்வது?

ச.

அன்புள்ள ச.,

பிரமை இல்லை. என் பரணில் கிடக்கும் 2021 மாத காலண்டரில் பால் கணக்குக் கோடுகளுக்குப் பக்கத்தில், கட்டத்தின் மூலையில் சின்னப் புள்ளி வைத்திருப்பேன். ஊசி போட்ட மாதம் அந்தப் புள்ளி மூன்று கட்டம் தள்ளி விழுந்திருக்கிறது. அடுத்த மாதம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

நான் டாக்டர் இல்லை, படித்ததைச் சொல்கிறேன். செயலியில் தேதி குறித்துவந்த சுமார் 4,000 அமெரிக்கப் பெண்களின் கணக்கு 2022 ஜனவரியில் வெளியானது. ஊசி போட்ட மாதம் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே நீண்டிருந்தது. ஒரே சுழற்சிக்குள் இரண்டு டோஸும் போட்டவர்களுக்கு இரண்டு நாள். சராசரி என்றால் சிலருக்கு ஒன்றுமே இருக்காது, சிலருக்கு உங்களைப்போல ஆறு நாளும் ஆகும். உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் திரட்டும் நேரத்தில் மூளைக்கும் சினைப்பைக்கும் நடுவே ஓடும் ஹார்மோன் சேதி தடுமாறி, முட்டை வெளிவருவது தாமதமாகலாம் என்கிறார்கள். அதிகமாகப் படுவதையும் ஐரோப்பிய மருந்து ஆணையம் 2022 அக்டோபரில் ஃபைசர், மாடர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். பல்லாயிரம் பேரை வைத்து நடத்திய கோவிட் ஊசிச் சோதனைகளில், ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வாங்கவில்லை. நம் பாட்டி எந்த நோவுக்கும் முதலில் கேட்பதே "எப்போ தலைக்கு ஊத்துன?" என்றுதான். கேட்காமல் விட்ட இடத்தில் வதந்தி புகுந்தது. "விலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி கூடாது" என்று 2021-ல் வாட்ஸப்பில் சுற்றியது நினைவிருக்கிறதா? மத்திய அரசே பொய் என்று மறுக்க வேண்டியதாயிற்று.

தங்கைக்குச் சொல்வது வேறு ஊசி. அது தடுக்கும் ஹெச்பிவி வைரஸ்தான் அந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம். பிள்ளை பெறுவதை அது கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம், தள்ளிப்போட வேண்டாம். (வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காகத் தொடங்கிய, சிம்ஸ் பார்க் பக்கத்துப் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இருக்கிறது. நாய் கடித்தால் மட்டும் நம் சனம் கேள்வி கேட்காமல் ஊசிக்கு ஓடும்.)

ஒன்று கவனியுங்கள். வயதுக்கு வந்த முதல் இரண்டு வருஷம் பலருக்கு நாள் சரியாக வராது. ஊசிக்குப் பிறகு தள்ளிப்போனால் அம்மா பழியை ஊசிமேல் போடுவார். அதனால் இந்த மாதமே தங்கையிடம் ஒரு காலண்டர் கொடுங்கள், ஊசித் தேதியையும் அதிலேயே குறிக்கட்டும். மூன்று மாதம் வராமல் போனாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ரத்தசோகையோ தைராய்டோ இருக்கலாம்.

அம்மாவிடம் உங்கள் ஆறு நாளை மறைக்காதீர்கள். ஏழாம் நாள் வந்துவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.